குறைமின்னழுத்தச் சுற்றுகளில் மின்சிக்கனம்: கல்லாற்றுப் பள்ளத்தாக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

மின்கலத்தை மட்டுமே நம்பி இயங்கும் ஒரு மின்னணுச் சுற்று எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும் என்பது, அதிலுள்ள சில்லு எத்தனை வோல்ட்டில் இயங்குகிறது என்பதை மட்டும் பொறுத்ததன்று. கடந்த அறுபது ஆண்டுகளில் இத்துறையில் நடந்த ஆய்வுகளின் பெரும்பகுதி மின்னழுத்தத்தைக் குறைப்பதைச் சுற்றியே அமைந்திருந்தாலும், ஒரு கட்டத்துக்குப் பிறகு அந்த வழி தானாகவே அடைபட்டுவிட, ஆய்வாளர்களின் கவனம் கசிவைத் தடுப்பதற்கும், சுற்றை உறங்க வைப்பதற்கும், இறுதியாக எப்போது விழித்து எதற்காகப் பேச வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதற்கும் நகர்ந்தது. இந்த நகர்வைத் தொகுத்துப் பார்ப்பதும், ஒவ்வொரு வழிமுறையும் எதைச் சேமித்து எதை விலையாகக் கேட்கிறது என்று எடைபோடுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாய்வைப் பொருத்திப் பார்ப்பதற்குத் திருவனந்தபுரம் மாவட்டத்தின் கல்லாறு ஏற்ற இடமாகும். விதுரையிலிருந்து பொன்முடிக்கு ஏறும் சாலையில், 22 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்குமுன் வரும் இச்சிற்றூரை ஒட்டி, வாமனபுரம் ஆற்றின் தலைப்பகுதியான கல்லாறு பாறைகளுக்கிடையே ஓடுகிறது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழைகளையும் பெறும் இம்மலைச்சரிவில், மேலே பொன்முடியில் பெய்யும் மழை கீழே வெயிலடிக்கும்போதே ஆற்றில் திடீர் வெள்ளமாக வந்துசேரக்கூடும். அத்தகைய இடத்தில் நீர்மட்டத்தை இடைவிடாது கண்காணிக்கும் கருவி பயனுள்ளது. ஆனால் அடர்ந்த மர நிழலிலும் மாதக்கணக்கான மழைமூட்டத்திலும் சூரியத் தகட்டை நம்ப முடியாது, யானை நடமாடும் காட்டுக்குள் மின்கம்பி இழுப்பதும் எளிதன்று. ஆகவே கையளவு மின்கலத்தில் ஆண்டுக்கணக்கில் இயங்கும் சுற்று ஒன்றே அங்கு நடைமுறைக்கு ஒத்துவரும்.

மின்திறன் செலவாகும் வழிகள்

இன்றைய இலக்கச் சில்லுகள் அனைத்துக்கும் அடிப்படையாக இருப்பது சிமாஸ் எனப்படும் அமைப்பு. எலக்ட்ரான்களால் கடத்தும் டிரான்சிஸ்டர் ஒன்றும், துளைகளால் கடத்தும் டிரான்சிஸ்டர் ஒன்றும் இணையாக நின்று, ஒன்று திறந்திருக்கும்போது மற்றது மூடியிருக்குமாறு செயல்படுவதே அதன் சாரம். 1963இல் ஃபேர்சைல்டு நிறுவனத்தில் ஃபிராங்க் வான்லாஸ் இவ்வமைப்பை முன்வைத்தபோது, நிலை மாறாதிருக்கும் சுற்றில் ஏறத்தாழ மின்னோட்டமே பாயாது என்பதே அதன் தலையாய சிறப்பாகக் கருதப்பட்டது.

சிமாஸ் சுற்றில் மின்திறன் மூன்று வழிகளில் செலவாகிறது. முதலாவது இயக்கத் திறன்: ஒவ்வொரு முறை நிலை மாறும்போதும் சுற்றின் மின்தேக்கங்கள் மின்னேற்றமும் மின்னிறக்கமும் அடைகின்றன, இதன் அளவு, மாற்றம் நிகழும் விகிதம், மின்தேக்கம், மின்னழுத்தத்தின் இருபடி, கடிகாரத் துடிப்பின் அதிர்வெண் ஆகிய நான்கின் பெருக்கலுக்குச் சமம். இரண்டாவது, நிலை மாறும் கணத்தில் இரு டிரான்சிஸ்டர்களும் ஒருசேரக் கடத்துவதால் ஏற்படும் குறுக்கோட்டம். மூன்றாவது கசிவு: மூடியிருப்பதாகக் கருதப்படும் டிரான்சிஸ்டரின் வழியாகவும், அதைத் திறந்து மூடும் முனையான கேட்டுக்கு அடியிலுள்ள மெல்லிய காப்புப் படலத்தின் வழியாகவும், சந்திகளின் வழியாகவும் இரவு பகலாகப் பாயும் சிறு மின்னோட்டம்.

இம்மூன்றில் மின்னழுத்தத்தின் இருபடியைச் சார்ந்திருப்பது முதலாவது என்பதால், மின்னழுத்தத்தைப் பாதியாக்கினால் இயக்கத் திறன் கால்வாசியாகிறது. வேறெந்தக் காரணியைக் குறைத்தாலும் கிடைக்காத இந்தப் பெரும் ஆதாயமே குறைமின்னழுத்தச் சுற்றுகள் என்ற ஆய்வுப் பிரிவையே தோற்றுவித்தது எனலாம்.

கைக்கடிகாரம் முதல் நுண்செயலி வரை

மின்சிக்கனத்தை முதன்முதலில் கட்டாயமாக்கிய பொருள் குவார்ட்ஸ் கைக்கடிகாரம். 1.55 வோல்ட் கொண்ட ஒரு சிறு வெள்ளி ஆக்சைடு மின்கலத்தில் ஆண்டுக்கணக்கில் ஓட வேண்டிய அக்கருவியில், நொடிக்கு 32,768 முறை அதிரும் படிகத்தின் துடிப்பைப் பதினைந்து முறை இரண்டால் வகுத்து நொடிக்கு ஒரு துடிப்பாக்கும் சுற்று, மைக்ரோ ஆம்பியர் அளவிலான மின்னோட்டத்தில் இயங்கியாக வேண்டியிருந்தது. ஏறத்தாழ 28 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பொத்தான் மின்கலம் ஒன்றிலிருந்து சராசரியாக 1 மைக்ரோ ஆம்பியர் மட்டும் எடுத்தால், அது மூன்று ஆண்டுகளுக்கு மேல் நீடிக்கும் என்பது எளிய கணக்கு. சுவிட்சர்லாந்தின் கடிகார மின்னணு ஆய்வு மையத்தில் பணியாற்றிய எரிக் விட்டோஸ், டிரான்சிஸ்டர் முழுமையாகத் திறக்காத நிலையிலேயே அதைப் பயன்படுத்தும் முறையை 1970களில் வகுத்தளித்தார். டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சி நிறுவனமும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன், ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் கடிகாரங்களை விற்கத் தொடங்கியபோது தமிழகத்து மணிக்கட்டுகளில் ஏறியது இம்மரபில் வந்த மின்னணுவே.

கடிகாரம் ஒருபுறமிருக்க, நுண்செயலிகளின் உலகில் மின்னழுத்தக் குறைப்பு வேறொரு காரணத்தால் நடந்தது. டிரான்சிஸ்டரின் நீளம், அகலம், காப்புப் படலத்தின் தடிமன், மின்னழுத்தம் ஆகிய அனைத்தையும் ஒரே விகிதத்தில் சுருக்கினால், பரப்பளவுக்கு உரிய மின்திறன் மாறாமலேயே வேகம் கூடும் என்று ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டும் அவருடைய குழுவினரும் 1974இல் காட்டினர். நெடுங்காலம் 5 வோல்ட்டில் நிலைத்திருந்த சில்லுகள் பின்னர் 3.3, 1.8, 1.2 வோல்ட் என்று படிப்படியாக இறங்கி வந்ததும், சிறிதாவதும் விரைவாவதும் சிக்கனமாவதும் ஒன்றாகவே நடந்ததும் அவ்விதியின் பலனாகும்.

ஏறத்தாழ 2005ஆம் ஆண்டையொட்டி இந்த இறக்கம் 1 வோல்ட்டை அடுத்து நின்றுபோனது. அதற்கான காரணம் உற்பத்தி நுட்பத்தின் குறைபாடன்று, வெப்பவியலின் வரம்பு. டிரான்சிஸ்டர் திறக்கத் தொடங்கும் கேட் மின்னழுத்தத்தைப் பயன்தொடக்க மின்னழுத்தம் என்பர். அதற்குக் கீழே மின்னோட்டம் ஒரேயடியாகச் சுழியாவதில்லை. அறை வெப்பநிலையில், எவ்வளவு செம்மையான டிரான்சிஸ்டராயினும், மின்னோட்டத்தைப் பத்தில் ஒரு பங்காக்குவதற்குக் குறைந்தது 60 மில்லி வோல்ட் தேவைப்படுகிறது. நடைமுறையில் இது 70 முதல் 100 மில்லி வோல்ட் வரை இருப்பதால், வேகத்தைக் காப்பதற்காகப் பயன்தொடக்க மின்னழுத்தத்தை 100 மில்லி வோல்ட் குறைத்தாலே கசிவு குறைந்தது பத்து மடங்கு பெருகிவிடுகிறது. மூடிய நிலையில் மின்னோட்டமே இல்லை என்ற சிமாஸின் பெருமை இப்புள்ளியில் கேள்விக்குள்ளாயிற்று.

வேகத்தை விட்டுக்கொடுத்துத் திறனைப் பெறுதல்

மின்னழுத்தத்தைக் குறைத்தால் சுற்று மந்தமாகும் என்பது தடையாகவே பார்க்கப்பட்டுவந்த நிலையில், அந்த மந்தத்தை வடிவமைப்பால் ஈடுகட்டலாம் என்று நிறுவியது 1992இல் அனந்த சந்திரகாசன், சாமுவேல் ஷெங், ராபர்ட் பிராடர்சன் ஆகிய மூவர் வெளியிட்ட கட்டுரை. சென்னையில் பிறந்து அமெரிக்காவில் பயின்ற சந்திரகாசன் அப்போது பெர்க்லியில் ஆய்வு மாணவராக இருந்தார். பின்னர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியரானார்.

அக்கட்டுரையின் எடுத்துக்காட்டு எளியது. கூட்டி ஒப்பிடும் ஒரு சுற்று 5 வோல்ட்டில் இயங்குகிறது என்க. அதே சுற்றை இரண்டு பிரதிகளாக அமைத்து, ஒவ்வொன்றையும் பாதி வேகத்தில் ஓட்டினால் மொத்த வேலை குறைவதில்லை. ஆனால் பாதி வேகம் போதுமென்பதால் மின்னழுத்தத்தை 2.9 வோல்ட்டாக இறக்கலாம். இணைப்புக் கம்பிகளையும் சேர்த்து மின்தேக்கம் 2.15 மடங்காகக் கூடினாலும், அதிர்வெண் பாதியாகி மின்னழுத்தத்தின் இருபடி மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குவதால், மொத்தத் திறன் முதலில் இருந்ததில் 36 விழுக்காடாகிறது. சிலிக்கான் பரப்பைக் கொடுத்து ஆற்றலைப் பெறும் இப்பேரம், பின்னாளில் பல கருவகங்கள் கொண்ட செயலிகள் பரவியதற்கான நியாயங்களுள் ஒன்றாகவும் அமைந்தது.

இப்போக்கை எவ்வளவு தூரம் கொண்டுசெல்லலாம் என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் உண்டு. சிமாஸ் சுற்று ஒன்றும் சுழியும் குழம்பாமல் இயங்க ஏறத்தாழ 0.2 வோல்ட் போதும் என்று ரிச்சர்டு ஸ்வான்சனும் ஜேம்ஸ் மைண்டலும் 1972இலேயே கணித்திருந்தனர். ஆலிஸ் வாங்கும் சந்திரகாசனும் வடிவமைத்த, அலைகளை அதிர்வெண்களாகப் பகுக்கும் செயலி ஒன்று 180 மில்லி வோல்ட்டிலும் இயங்கி அக்கணிப்பை மெய்ப்பித்தது. ஆயினும் அதே செயலியில் ஒரு கணக்கீட்டுக்கான ஆற்றல் மிகக் குறைந்தது 180 மில்லி வோல்ட்டில் அன்று, 350 மில்லி வோல்ட்டில். மின்னழுத்தம் மேலும் இறங்கும்போது கணக்கீடு முடிய எடுக்கும் நேரம் அடுக்குமுறையில் நீள, அந்நேரம் முழுவதும் கசியும் ஆற்றல் இயக்கத்தில் மிச்சமானதை விழுங்கிவிடுகிறது என்பதே இதன் விளக்கம். இயங்கக்கூடிய மிகக் குறைந்த மின்னழுத்தமும், சிக்கனமாக இயங்கும் மின்னழுத்தமும் வேறுவேறு என்ற இந்த முடிவு, துறையின் திருப்புமுனைகளுள் ஒன்று.

இத்தகைய ஆழ்ந்த மின்னழுத்தக் குறைப்புக்கு மேலும் இரண்டு தடைகள் உள்ளன. பயன்தொடக்கத்துக்குக் கீழே மின்னோட்டம் அடுக்குமுறையில் மாறுவதால், ஒரே சில்லுக்குள் இரு டிரான்சிஸ்டர்களுக்கிடையே உள்ள சிறு வேற்றுமையும் வேகத்தில் பன்மடங்கு வேறுபாடாக வெளிப்படுகிறது. ஆறு டிரான்சிஸ்டர்களால் ஆன வழக்கமான நினைவகக் கலம் குறைந்த மின்னழுத்தத்தில் எழுதியதை மறந்துவிடுவதால், எட்டு அல்லது பத்து டிரான்சிஸ்டர்கள் கொண்ட கலங்களை நாட வேண்டியிருக்கிறது. வணிக உற்பத்தியில் பெரும்பாலானோர் பயன்தொடக்கத்துக்கு மேலேயே நின்றுகொள்வது இதனால்தான்.

கசிவை அடைத்தல்

கசிவுக்கு எதிரான வழிமுறைகளைப் பொருள்சார்ந்தவை, சுற்றுசார்ந்தவை என இரண்டாகப் பகுக்கலாம். பொருள்சார்ந்த வழிகளில், கேட்டுக்கு அடியிலுள்ள சிலிக்கான் ஆக்சைடுப் படலத்தை ஹாஃப்னியம் சேர்ந்த, தடித்த, ஆனால் மின்விளைவில் மெல்லியதற்கு ஈடான படலத்தால் மாற்றியதையும், பின்னர் 22 நானோமீட்டர் தலைமுறையில் தட்டையாக இருந்த டிரான்சிஸ்டரைத் துடுப்புப் போல எழுப்பி நிறுத்தி, மூன்று பக்கங்களிலிருந்தும் கேட் அதைப் பிடித்து அடைக்குமாறு செய்ததையும் முதன்மையாகக் குறிப்பிடலாம்.

சுற்றுசார்ந்த வழிகளில் நான்கு பரவலாகக் கையாளப்படுகின்றன. வேகம் தேவைப்படும் பாதையில் மட்டும் குறைந்த பயன்தொடக்க மின்னழுத்தம் கொண்ட டிரான்சிஸ்டர்களையும், மற்ற இடங்களில் உயர்ந்த பயன்தொடக்கம் கொண்டவற்றையும் வைப்பது முதலாவது. வேலையில்லாத பகுதிக்குக் கடிகாரத் துடிப்பை நிறுத்திவிடுவது இரண்டாவது. இது இயக்கத் திறனை மட்டுமே மிச்சப்படுத்தும், கசிவைத் தொடாது. அப்பகுதிக்கான மின்வழங்கலையே ஒரு டிரான்சிஸ்டரால் துண்டிப்பது மூன்றாவது; கசிவையும் நிறுத்தும் இம்முறையில் அப்பகுதியின் நினைவு அழிந்துவிடுவதால், உறங்குமுன் எழுதிவைக்கவும் எழுந்தபின் மீட்டெடுக்கவும் ஆற்றல் செலவாகிறது. வேலைப்பளுவுக்கு ஏற்ப மின்னழுத்தத்தையும் அதிர்வெண்ணையும் ஒருசேர ஏற்றி இறக்குவது நான்காவது.

இவற்றுள் எதைத் தேர்வது என்பது உறக்கத்தின் நீளத்தைப் பொறுத்தது. சில மைக்ரோ நொடிகளுக்குத் துடிப்பை நிறுத்துவதே போதும். பல நிமிடங்களுக்கு உறங்கும் கருவியில் மின்வழங்கலைத் துண்டிக்காமல் இருப்பது வீண். இதற்கிடைப்பட்ட, துண்டித்து மீட்பதற்கான செலவும் கசிவால் ஆகும் செலவும் சமமாகும் கால அளவை வடிவமைப்பாளர் கணக்கிட்டே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒப்புமைச் சுற்றுகளின் மாறான விதி

மேலே கூறியவை அனைத்தும் ஒன்று, சுழி என்ற இரண்டு நிலைகளை மட்டும் கையாளும் இலக்கச் சுற்றுகளுக்கு உரியவை. நீரின் அழுத்தத்தையோ வெப்பத்தையோ தொடர் அளவாக ஏற்றுப் பெருக்கும் ஒப்புமைச் சுற்றுகளில், அதாவது அனலாக் சுற்றுகளில், மின்னழுத்தக் குறைப்பு திறனைக் குறைப்பதில்லை. பல வேளைகளில் கூட்டவும் செய்கிறது. வெப்பத்தால் எழும் இரைச்சல் மின்னழுத்தத்தைப் பொறுத்து மாறாதது. மின்னழுத்தம் பாதியானால் சைகையின் வீச்சும் பாதியாகிறது. அதே தெளிவைப் பெற வேண்டுமாயின் இரைச்சலின் வீச்சையும் பாதியாக்க வேண்டும். அதற்கு மின்தேக்கத்தை நான்கு மடங்காகவும், அதை அதே வேகத்தில் இயக்க மின்னோட்டத்தை இரு மடங்காகவும் உயர்த்த நேரிடும். மின்னழுத்தம் பாதி, மின்னோட்டம் இரட்டிப்பு என்றாகும்போது திறன் இருந்த இடத்திலேயே நிற்கிறது. முழு வீச்சையும் பயன்படுத்த இயலாத உண்மைச் சுற்றுகளில் சற்றே மிகுகிறது.

ஆகவே ஒப்புமைப் பகுதியில் சிக்கனம் வர வேண்டிய வழி வேறு: தேவைக்கு மிஞ்சிய துல்லியத்தைக் கேட்காதிருப்பது. ஆற்றின் நீர்மட்டத்தை ஒரு சென்டிமீட்டர் நுட்பத்தில் அறிந்தால் போதுமெனில், மில்லிமீட்டர் நுட்பத்துக்காகச் செலவிடும் ஒவ்வொரு ஜூலும் வீண். துல்லியத்தைப் பத்து மடங்கு உயர்த்தினால் இரைச்சல் வரம்பில் இயங்கும் சுற்றின் திறன் நூறு மடங்கு உயரும் என்பதால், கருவியின் விவரக்குறிப்பை எழுதும் மேசையிலேயே பெரும் சேமிப்போ பெரும் விரயமோ தீர்மானமாகிவிடுகிறது.

மலைச்சரிவிலிருந்து கிடைத்த பாடம்

எதை, எவ்வளவு, எப்போது அளக்க வேண்டும் என்ற கேள்வி மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. திருவனந்தபுரம் மாவட்டத்தின் அம்பூரியில் 2001 நவம்பர் 9 அன்று ஏற்பட்ட நிலச்சரிவும், வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை 2024 ஜூலை 30 அன்று அழித்த நிலச்சரிவும், மழைக்காலத்தில் மலையைக் கண்காணிக்க வேண்டிய தேவையை உணர்த்துகின்றன. மூணாற்றில் 2005இல் சரிவுக்குள்ளான அந்தோணியார் குடியிருப்புப் பகுதியில், அமிர்தா விசுவ வித்யாபீடத்தின் ஆய்வாளர்கள் மண்ணுக்குள் ஆழமான துளைகளிட்டு, மண்துளை நீரழுத்தம், ஈரம், சாய்வு, அதிர்வு முதலியவற்றை அளக்கும் கம்பியில்லா உணரி வலையமைப்பு ஒன்றை நிறுவினர்.

அவ்வலையமைப்பின் வடிவமைப்பில் மின்சிக்கனத்துக்கு உரிய கருத்து ஒன்று உண்டு. மழையில்லாத நாளில் உணரிகள் நீண்ட இடைவெளிகளில் மட்டும் விழித்து அளக்கின்றன. மழையும் மண்ணின் ஈரமும் நீரழுத்தமும் ஒன்றன்பின் ஒன்றாக எல்லையைத் தாண்டும்போது, எச்சரிக்கை நிலை உயர்ந்து அளக்கும் வேகமும் அனுப்பும் வேகமும் கூடுகின்றன. சில்லுக்குள் வேலைப்பளுவுக்கு ஏற்ப மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும் கருத்து, இங்கு மலையின் நிலைக்கு ஏற்ப முழு அமைப்பின் விழிப்பையே ஏற்றி இறக்குவதாக விரிந்திருக்கிறது.

கல்லாற்றுக்கு ஒரு கணக்கு

வழிமுறைகளின் ஒப்பீட்டு மதிப்பை அறிய, கல்லாற்றங்கரையில் நிறுவத்தக்க நீர்மட்டக் கருவி ஒன்றை எடுத்துக்காட்டாகக் கணக்கிட்டுப் பார்க்கலாம். கருவியின் சுற்று 1.8 வோல்ட்டில் இயங்குகிறது; 3.6 வோல்ட், 2.5 ஆம்பியர்-மணி கொண்ட ஒரு லித்தியம் தயோனைல் குளோரைடு மின்கலத்திலிருந்து நேரியல் மின்னழுத்தச் சீராக்கி வழியாக அதற்கு மின்சாரம் கிடைக்கிறது எனக் கொள்க. மின்கலத்தின் மொத்த ஆற்றல் 9 வாட்-மணி, அதாவது 32,400 ஜூல். கருவி 15 நிமிடங்களுக்கு ஒருமுறையாக நாளொன்றுக்கு 96 முறை விழித்து, அரை நொடி 10 மில்லி ஆம்பியரில் அழுத்த உணரியை இயக்கி, இந்தியாவில் உரிமம் தேவைப்படாத 865 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் லோரா எனப்படும் தொலைதூரக் கம்பியில்லா முறையில் 0.4 நொடி 40 மில்லி ஆம்பியரில் செய்தி அனுப்பி, மீதி நேரம் 2 மைக்ரோ ஆம்பியரில் உறங்குகிறது.

நாளொன்றுக்கு உறக்கத்துக்கு 0.6 ஜூல், உணரிக்கு 1.7 ஜூல், வானொலிக்கு 5.5 ஜூல், ஆக ஏறத்தாழ 7.9 ஜூல் செலவாகிறது. ஏட்டுக்கணக்கில் மின்கலம் பதினோரு ஆண்டுகளுக்குப் போதும். இதில் சீராக்கியை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். கடைகளில் மலிவாகக் கிடைப்பதும் பயிற்சிப் பலகைகள் பலவற்றில் காணப்படுவதுமான 1117 வகைச் சீராக்கி, சுமையே இல்லாதபோதும் தன் பங்குக்கு ஏறத்தாழ 5 மில்லி ஆம்பியர் எடுத்துக்கொள்ளும். நாளொன்றுக்கு அது மட்டும் 1,555 ஜூல். மின்கலம் மூன்று வாரங்களில் தீர்ந்துபோகும். உலகின் மிகச் சிக்கனமான நுண்கட்டுப்படுத்தியை அந்தப் பலகையில் பொருத்தினாலும் இம்முடிவில் ஒரு மணி நேரம்கூட மாறாது.

நேரியல் சீராக்கியில் மற்றொரு விரயமும் உண்டு. 3.6 வோல்ட்டை 1.8 வோல்ட்டாக்கும்போது பாதி ஆற்றல் வெப்பமாகப் போகிறது; சுருளைக் கொண்டு மின்னழுத்தத்தை மாற்றும் நிலைமாற்றிச் சீராக்கி அதைப் பெருமளவு மீட்டுத் தரும். ஆயினும் உறக்க நிலையில் அதன் சொந்தத் தேவை அந்தச் சேமிப்பை விழுங்காத அளவுக்குச் சிறிதாக இருந்தால் மட்டுமே அந்த மாற்றம் பயன் தரும். அத்தகைய சில்லுகள் இன்று சந்தையில் உள்ளன.

அடுத்து நில அமைப்பின் பங்கு. கல்லாற்றுப் பள்ளத்தாக்கின் மடிப்புகளையும் மரங்களையும் கடந்து செய்தி சேர வேண்டுமாயின், லோராவில் ஒவ்வொரு குறியீட்டையும் நீட்டி அனுப்ப வேண்டும். ஒவ்வொரு படி நீட்டும்போதும் அனுப்பும் நேரம் ஏறத்தாழ இரட்டிக்கும். இரண்டு படிகள் கூடி அது 1.5 நொடியானால், வானொலிச் செலவு மட்டும் நாளுக்கு 20.7 ஜூலாக உயர்ந்து, மின்கலத்தின் ஆயுள் நான்கு ஆண்டுகளுக்கும் கீழே இறங்கும். ஏற்பியை உயரமான மேட்டில் வைப்பதால் கிடைக்கும் சேமிப்பு, எந்த டிரான்சிஸ்டர் தேர்வாலும் கிடைக்காதது.

இனி அனுப்பும் நேரத்தை அதே 1.5 நொடியாகக் கொண்டு, மூணாற்றுக் கருத்தை இங்கே பொருத்தலாம். நீர்மட்டத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லையெனில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மட்டும் செய்தி அனுப்பினால் போதும் என்று வைத்தால், அளவீடு குறையாமலேயே நாளின் செலவு 3.2 ஜூலாகச் சுருங்குகிறது. மாறாக, ஆண்டில் 20 நாட்கள் கனமழையின்போது நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து அனுப்புவதாகக் கொண்டால், அத்தகைய நாளொன்றின் செலவு 338 ஜூல். ஆண்டுச் செலவு ஏறத்தாழ 7,860 ஜூலாகிறது. அதில் 86 விழுக்காடு அந்த 20 நாட்களுக்கே போகிறது. ஆண்டு முழுவதற்குமான உறக்கச் செலவோ 3 விழுக்காடுதான். உறக்க மின்னோட்டத்தை அரும்பாடுபட்டு மேலும் பாதியாக்குவதால் இக்கருவிக்குக் கிடைப்பது ஒன்றரை விழுக்காடு. மின்கலத்தின் ஆயுள் நான்கு ஆண்டுகளாகிறது. அந்நான்கு ஆண்டுகளும் வெள்ளம் வரும் வேளையில் கருவி நிமிடந்தோறும் பேசுகிறது.

பலகையின் மேல் மறைந்திருக்கும் கசிவுகள்

சில்லுக்கு வெளியே, அச்சிட்ட பலகையில் நிகழும் விரயங்கள் ஆய்வு நூல்களில் அதிகம் பேசப்படுவதில்லை. களத்தில் தோல்விக்குக் காரணமாவது பெரும்பாலும் அவையே. உள்ளீடு ஒன்றை உயர்நிலையில் நிறுத்துவதற்காக வைக்கும் 10 கிலோ ஓம் மின்தடை, அவ்வுள்ளீடு தாழ்நிலையில் இருக்கும் நேரமெல்லாம் 1.8 வோல்ட்டில் 180 மைக்ரோ ஆம்பியர் எடுக்கும். மேற்சொன்ன கருவியின் உறக்க மின்னோட்டத்தைப்போல் இது தொண்ணூறு மடங்கு. எங்கும் இணைக்காமல் விட்ட சிமாஸ் உள்ளீடு ஒன்றுக்கும் சுழிக்கும் நடுவே மிதந்து, இரு டிரான்சிஸ்டர்களையும் அரைகுறையாகத் திறந்து வைக்கும். மின்சாரம் வருகிறதென்று காட்டும் சிறு விளக்கு, ஆளில்லாத காட்டில் யாருக்கும் எதையும் காட்டாமல் மில்லி ஆம்பியர் கணக்கில் எரியும்.

கல்லாறு போன்ற ஈரமான இடத்தில் இவற்றோடு மற்றொன்றும் சேர்கிறது. பற்றவைத்தபோது எஞ்சிய பசையும் தூசியும் ஈரத்தை உறிஞ்சி, பலகையின் தடங்களுக்கிடையே மெல்லிய கடத்துபடலத்தை உண்டாக்குகின்றன. அதன் மின்தடை 1 மெகா ஓம் அளவுக்கு இறங்கினாலே, மின்கலத்தின் இரு முனைகளுக்கிடையே 3.6 மைக்ரோ ஆம்பியர் வீணாகிறது. சுற்று முழுவதும் உறங்கும்போது எடுப்பதைவிட இது அதிகம். பலகையைக் கழுவி உலர்த்திக் காப்புப்பூச்சு இடுவது, இந்நிலையில், துருவிலிருந்து காப்பதற்கான வேலை மட்டுமன்று. மின்சிக்கன நடவடிக்கையும் ஆகும்.

இத்தகைய சிறு மின்னோட்டங்களை அளப்பதும் எளிதன்று. சாதாரண மல்டிமீட்டரின் மைக்ரோ ஆம்பியர் எல்லையில் உள்ள மின்தடை, கருவி விழித்து 40 மில்லி ஆம்பியர் கேட்கும் கணத்தில் மின்னழுத்தத்தைச் சரியவைத்துச் சுற்றை அணைத்துவிடும். மில்லி ஆம்பியர் எல்லைக்கு மாற்றினாலோ உறக்க மின்னோட்டம் கண்ணுக்குத் தெரியாது. ஒரு நாள் முழுவதற்குமான மின்னூட்டத்தைத் தொகுத்து அளக்கும் முறையே நம்பகமானது.

திருவனந்தபுரத்தின் வாய்ப்புகள்

இவ்வாய்வை முன்னெடுப்பதற்கான அமைப்புகள் கல்லாற்றிலிருந்து தொலைவில் இல்லை. விதுரையில் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமும், நெடுமங்காட்டை அடுத்த வலியமலையில் இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமும் உள்ளன. கணினியியல் ஆய்வு நிறுவனமான சிடாக்கின் திருவனந்தபுரம் மையம் திறந்த கட்டளைத் தொகுப்பான ரிஸ்க்-5ஐ அடிப்படையாகக் கொண்டு வேகா செயலிகளை வடிவமைத்திருக்கிறது. அவற்றுள் 32 பிட் கருவகம் கொண்ட தேஜஸ்32 சில்லு 100 மெகாஹெர்ட்ஸ் வேகமும் 256 கிலோபைட் நினைவகமும் உடையது. விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும் மொகாலியின் குறைகடத்தி ஆய்வகமும் சேர்ந்து உருவாக்கிய விக்ரம் 3201 செயலி, 180 நானோமீட்டர் நுட்பத்தில் ஆனது.

180 நானோமீட்டர் என்பது உலகின் முன்னணித் தொழிற்சாலைகள் எப்போதோ கடந்துவிட்ட தலைமுறை. ஆயினும் உறங்கியே பெரும்பொழுதைக் கழிக்கும் கருவிக்கு அது குறையாகாது. தடித்த காப்புப் படலமும் உயர்ந்த பயன்தொடக்க மின்னழுத்தமும் கொண்ட பழைய தலைமுறை டிரான்சிஸ்டர்கள் மிகக் குறைவாகவே கசிகின்றன. 350 மில்லி வோல்ட்டில் மிகக் குறைந்த ஆற்றலை எட்டிய வாங்–சந்திரகாசன் செயலியும் அதே 180 நானோமீட்டர் தலைமுறையைச் சேர்ந்ததுதான். மிக நுண்ணிய தொழிற்சாலை இல்லாத ஒரு நாட்டில், உள்நாட்டுச் சில்லு உற்பத்தியும் மின்சிக்கன உணரி ஆய்வும் ஒன்றையொன்று தாங்கக்கூடிய புள்ளி இது. அதற்குச் செயலிக் கருவகம் மட்டும் போதாது. நானோ ஆம்பியரில் காலம் கணிக்கும் கடிகாரச் சுற்றும், தன் தேவை மிகக் குறைந்த சீராக்கியும், பகுதி பகுதியாக மின்வழங்கலைத் துண்டிக்கும் ஏற்பாடும் அதே சில்லில் இடம்பெற வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட மீள்பார்வையிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, மின்னழுத்தத்தைக் குறைப்பது இலக்கச் சுற்றுகளில் இன்றும் வலிமையான கருவியே; ஆனால் கசிவும் வேகமும் சந்திக்கும் புள்ளிக்குக் கீழே அது எதிர்விளைவையே தரும், ஒப்புமைச் சுற்றுகளில் தொடக்கத்திலிருந்தே உதவாது. இரண்டாவது, ஒரு பகுதியின் சிக்கனம் மொத்த அமைப்பின் சிக்கனமாக மாறுவது, அப்பகுதி மொத்தச் செலவில் எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால் சீராக்கி, வானொலி, பலகையின் கசிவு ஆகியவற்றின் செலவைப் பட்டியலிட்டு முடிக்குமுன் சில்லின் உறக்க மின்னோட்டத்தைக் குறைக்க முனைவது வரிசை பிறழ்ந்த உழைப்பு. மூன்றாவது, ஆபத்தைக் கண்காணிக்கும் கருவிகளை ஒரு நாளின் சராசரி மின்திறனால் மதிப்பிடுவது பொருந்தாது; நெருக்கடி நாட்களில் எத்தனை அளவீடுகளை, எத்தனை ஆண்டுகளுக்குத் தவறாமல் கொண்டுசேர்க்கும் என்பதே உரிய அளவுகோல்.

இந்த அளவுகோலை ஏற்றுக்கொண்டால் ஆய்வின் முன்னுரிமைகளும் மாறும். மழை வரப்போவதை மிகக் குறைந்த ஆற்றலில் முன்கூட்டியே உணர்ந்து முழுக் கருவியையும் எழுப்பும் சிறு காவல் சுற்று, பக்கத்துக் கருவிகளின் அளவீட்டைக் கொண்டு தன் விழிப்பைத் திருத்திக்கொள்ளும் மென்பொருள், ஈரத்தில் பல பருவமழைகளைத் தாண்டியும் கசியாத பலகை ஆகியவை, சில மில்லி வோல்ட்டை மேலும் குறைப்பதைவிட உடனடிப் பலன் தரக்கூடிய பணிகளாக முன்னுக்கு வரும். சாதாரண நாட்களில் சேர்த்துவைக்கும் ஒவ்வொரு ஜூலும் பொன்முடியில் மழை கொட்டும் அந்தச் சில நாட்களில் தாராளமாகச் செலவிடுவதற்கே என்ற தெளிவோடு தொடங்கும் வடிவமைப்பே, கல்லாறு போன்ற இடங்களில் நிலைத்து நிற்கும்.